அரசுப் பள்ளிகள் வழியாகத் தனி இசை வகுப்புக்கு மாணவர்களைச் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தனியாக இசை சொல்லித் தருபவர்களில் பலருக்கும் மாணவர்கள் வருவது வாய்வழியாகத்தான். ஒரு பிள்ளையின் அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்வார், அவர் போன் செய்வார். நல்ல வழிதான், ஆனால் மெதுவானது. எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. சமூக ஊடகத்தில் காசு கட்டி விளம்பரம் போட்டால் விசாரிப்புகள் குவியும். ஆனால் விசாரிப்போடு நின்றுவிடுபவர்கள்தான் அதில் அதிகம்.

இதற்கிடையே உங்கள் வட்டாரத்திலேயே ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. பாடுகிற பிள்ளைகள், வாசிக்கிற பிள்ளைகள், வாசிக்க ஆசைப்பட்டும் வழி தெரியாத பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அவர்களை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியரும் அங்கே இருக்கிறார். அந்தக் கதவைத் தட்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒருபோதும் வந்து சேராத பிள்ளைகளுக்கும் பயன்படுகிற மாதிரி அந்தப் பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. அரசுப் பள்ளி எல்லாருடைய பிள்ளைகளுக்குமானது. கட்டணம் கட்டக்கூடியவர்களை மட்டும் பொறுக்கி எடுக்க வந்தவர் என்ற எண்ணம் ஆசிரியர் மனதில் ஒருமுறை விழுந்துவிட்டால், அப்புறம் எத்தனை நோட்டீஸ் அடித்தாலும் வேலைக்கு ஆகாது.

படி 1: பள்ளியைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வகுப்புக்குப் பிள்ளைகள் சிரமமில்லாமல் வந்துபோகும் தூரத்தில் உள்ள பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பள்ளிகள் போதும். பத்துப் பள்ளிகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட ஒரு பள்ளியில் உங்கள் முகம் தெரிவது மேல்.

ஒவ்வொரு பள்ளியிலும் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். தனியாக இசை ஆசிரியர் இருக்கிறாரா? பாடகர் குழு மட்டுமா, பேண்ட் அல்லது ஆர்கெஸ்ட்ரா உண்டா? எந்த வகுப்பில் பிள்ளைகள் கையில் வாத்தியம் கொடுக்கிறார்கள்? வாத்தியம் பள்ளியுடையதா, பெற்றோர் வாங்க வேண்டுமா? இதெல்லாம் தெரியாமல் போய்ப் பேசினால் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், அவர்களுடைய நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். ஆண்டு விழாவோ, பருவ இறுதிக் கச்சேரியோ, பொதுமக்களை அனுமதிக்கிற ஏதோ ஒன்று. போனை எடுக்காமல் கேளுங்கள். எந்தப் பிரிவு தயங்குகிறது, எந்தப் பிரிவு மற்றவர்களைத் தாங்குகிறது, எந்த வாத்தியத்துக்கு ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறது என்று கவனியுங்கள். பள்ளி இசை ஆசிரியர் ஒருவரே புல்லாங்குழல் முதல் டிரம்ஸ் வரை அத்தனையும் சொல்லித் தர வேண்டியிருக்கும். அவருடைய சொந்த வாத்தியம் டிரம்பெட்டாக இருந்தால் ஓபோ என்ற குழலின் இரட்டை ரீடோ (சீவாளி போன்ற ஊதுபட்டை), வயலின் வில் பிடியோ அவருக்கு அத்தனை கைவந்ததாக இருக்காது. அது அவர் குறையில்லை, அந்த வேலையே அப்படித்தான். நீங்கள் எந்த இடத்தில் உதவலாம் என்பது அந்தக் கச்சேரியில் உங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.

படி 2: விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் சங்கடப்படுகிறார்கள். பள்ளிக்குள் நோட்டீஸ் கொடுக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் தலைமை ஆசிரியரே முடிவெடுப்பார். சில இடங்களில் கல்வி அலுவலகத்துக்கு எழுதி அனுப்பி, முத்திரை வாங்கிய பிறகுதான் ஒரு தாளைக்கூட ஒட்ட முடியும். இசை ஆசிரியரை முதலில் பார்த்தாலும், அனுமதிக்காக அவரை நெருக்காதீர்கள். அது அவர் கையில் இல்லாமல் இருக்கலாம்.

பள்ளி அலுவலகத்தில் நேரடியாகக் கேட்க வேண்டியவை: பிள்ளைகளோடு பழகும் வெளியாட்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்போ வேறு பின்னணிச் சான்றோ வேண்டுமா? பள்ளி வளாகத்தில் கட்டணம் வாங்கிப் பாடம் நடத்தலாமா? நடத்தலாம் என்றால் வாடகை, காப்பீடு போன்ற நிபந்தனைகள் உண்டா? பெற்றோருக்குப் பள்ளி அனுப்பும் மடலில் வெளியார் அறிவிப்புக்கு இடமுண்டா?

சரிபார்ப்புச் சான்றைப் பள்ளி கேட்கும்வரை காத்திருக்காமல் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமலே நீட்டுகிற ஆளைப் பார்த்தால் பள்ளிக்கு நிம்மதி.

நீங்களே அந்தப் பள்ளியில் ஆசிரியராகவோ பகுதிநேரப் பயிற்சியாளராகவோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தன் வகுப்பு மாணவனிடமே காசு வாங்கித் தனியாகச் சொல்லித் தருவதைத் தடுக்கும் விதிகள் பல இடங்களில் உண்டு. விதி இல்லாத இடத்திலும் அதைத் தவிர்ப்பதே சரி என்பேன். மதிப்பெண் போடுகிற கையே கட்டணமும் வாங்கினால், காசு கட்டாத பிள்ளையின் வீட்டில் என்ன நினைப்பார்கள்?

படி 3: இசை ஆசிரியருக்கு முதல் கடிதம்

தேர்வு வாரத்திலும் கச்சேரிக்கு முந்தைய வாரங்களிலும் எழுதாதீர்கள். கச்சேரி முடிந்து ஒரு வாரம் கழித்து எழுதினால் அவர் மூச்சு விட்டிருப்பார், உங்களுக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். நான் இந்தப் பகுதியில் வயலின் சொல்லித் தருகிறேன். உங்கள் மாணவர்களின் கச்சேரியைக் கேட்டேன். இரண்டாவது பாடலில் வேகம் கூடும் இடத்தில் செல்லோ பிள்ளைகள் தாளத்தை விடாமல் தாங்கியது மிக நன்றாக இருந்தது. உங்களுக்கு உதவியாக இருக்குமென்றால், நீங்கள் சொல்லும் நாளில் வந்து வயலின் பிரிவோடு ஒரு வகுப்பு நேரம் பயிற்சி செய்ய விரும்புகிறேன். கட்டணம் வேண்டாம். சரிபார்ப்புச் சான்றையும் என் தகுதி விவரங்களையும் இணைத்திருக்கிறேன். இப்போது தோதுப்படவில்லை என்றால் அடுத்த பருவத்தில் பேசலாம்.”

கடிதத்தில் தனி வகுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் தனியாகச் சொல்லித் தருபவர் என்பது முதல் வரியிலேயே அவருக்குப் புரிந்துவிடும். செல்லோ பற்றிய வரிதான் கடிதத்தின் உயிர். நீங்கள் உண்மையிலேயே கேட்ட ஒன்றை எழுதுங்கள். கேட்காததை எழுதினால் அவருக்கு உடனே தெரியும், அந்தப் பாடலை மாதக்கணக்கில் பயிற்றுவித்தவர் அவர்தானே.

பதில் வராவிட்டால் சில வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த கச்சேரிக்குப் போய் நேரில் ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு வாருங்கள்.

படி 4: பிரிவுப் பயிற்சி

இந்த வேலையின் மையம் இதுதான். ஆசிரியர் மொத்தக் குழுவையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு வாத்தியப் பிரிவை மட்டும் நீங்கள் பக்கத்து அறையில் வைத்துப் பயிற்சி தருவீர்கள். போவதற்கு முன் அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் பாடல், எந்த இடம், அந்தப் பிள்ளைகளிடம் அவர் ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறார். முடிந்தால் பாடலின் நகலையும் வாங்கி வீட்டில் வாசித்துப் பாருங்கள்.

கிளாரினெட் பிரிவை எடுத்துக்கொள்வோம். புதிதாக வாசிக்கிற பிள்ளைகளுக்கு வருகிற பெரிய தடை, நடு ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடம். நடு ஸ்தாயியின் கடைசி ஸ்வரமான பி ஃப்ளாட்டுக்குத் துளைகளில் விரலே வைக்க வேண்டியதில்லை, அடுத்த பி ஸ்வரத்துக்கு எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். ஏதாவது ஒரு விரல் மயிரிழை விலகினாலும் கீச்சென்ற சத்தம்தான் வரும். பிள்ளை உடனே இன்னும் அழுத்தி ஊதும், உதட்டைக் கடிக்கும், இன்னும் மோசமாகும். அந்தக் குழந்தையிடம், “மேல் பி வேண்டாம், முதலில் கீழ் இ ஸ்வரத்தை நிறுத்தி நிதானமாக ஊது” என்று சொல்லுங்கள். ஒலி நிறைவாக வந்தால் எல்லாத் துளையும் ஒழுங்காக மூடியிருக்கிறது என்று பொருள். இப்போது எந்த விரலையும் அசைக்காமல், இடது கட்டைவிரல் துளையை மூடியபடியே மேல் ஸ்தாயிக்கு ஏற்றும் ரெஜிஸ்டர் கீயை மட்டும் அமுக்கட்டும். அதே பிடியில் மேல் பி வந்து நிற்கும். நாலு பிள்ளைகள் அதைச் செய்துவிட்டுக் குழுவோடு திரும்பிப் போய் உட்காரும்போது ஆசிரியருக்கு வித்தியாசம் கேட்கும். உங்களைப் பற்றி நீங்கள் சொல்ல நினைத்த எல்லாவற்றையும் அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. பள்ளி ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசாதீர்கள். அவர் வில்லை ஒரு விதமாகப் பிடிக்கச் சொல்லியிருந்து, உங்கள் வழி வேறாக இருந்தால், பிள்ளைகள் முன்னால் வாய் திறக்க வேண்டாம். பிறகு தனியாகக் கேளுங்கள், “இதை இப்படி முயன்று பார்க்கலாமா?” என்று. அவர் மொழியையும் தெரிந்துகொள்ளுங்கள். பேண்டில் ஆசிரியர் “கான்சர்ட் பி ஃப்ளாட்” (பியானோவில் ஒலிக்கும் பி ஃப்ளாட்) என்று சொன்னால் கிளாரினெட், டிரம்பெட் பிள்ளைகள் தங்கள் தாளில் உள்ள சி ஸ்வரத்தையும், ஆல்டோ சாக்ஸபோன் பிள்ளைகள் ஜி ஸ்வரத்தையும், பிரெஞ்சு ஹார்ன் பிள்ளைகள் எஃப் ஸ்வரத்தையும் வாசிக்க வேண்டும். தனியாகவே சொல்லித் தந்து பழகியவர்களுக்கு இது சட்டென்று வராது. அறைக்குள் நுழைவதற்கு முன் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளையோடு மட்டும் மூடிய அறையில் இருக்காதீர்கள். கதவு திறந்தே இருக்கட்டும், கூட இன்னும் பிள்ளைகளோ பெரியவர் ஒருவரோ இருக்கட்டும். பிள்ளைகளின் போன் எண்ணை வாங்காதீர்கள், உங்கள் எண்ணையும் அவர்களிடம் தராதீர்கள். தொடர்பெல்லாம் பெற்றோர் வழியாகவும் பள்ளி வழியாகவும்தான். பயிற்சி வேளையில் உங்கள் வகுப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எத்தனை முறை இலவசமாகப் போவது? ஒரு பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று நீங்களே எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பள்ளி கேட்டால், பயிற்சியாளருக்கான நிதி ஏதும் உண்டா என்று தயங்காமல் கேட்கலாம். எல்லையில்லாமல் இலவசமாக ஓடினால் ஒரு கட்டத்தில் களைத்துப்போய் நிறுத்திவிடுவீர்கள், அது பிள்ளைகளுக்கும் நல்லதில்லை.

பள்ளியில் இசை ஆசிரியரே இல்லையென்றால் தலைமை ஆசிரியரைப் பார்த்து, அரை மணி நேர வாத்திய அறிமுகம் ஒன்றுக்கு அனுமதி கேளுங்கள். பேச்சைக் குறைத்து நிறைய வாசித்துக் காட்டுங்கள். வயலின் தந்திகளைப் பிள்ளைகள் மீட்டிப் பார்க்கலாம், டிரம்ஸை அடித்துப் பார்க்கலாம். ஆனால் வாய் வைத்து ஊதும் வாத்தியத்தைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டாம். ரீடையும் மவுத்பீஸையும் பகிர்வது சுகாதாரமில்லை, பெற்றோரும் விரும்பமாட்டார்கள்.

படி 5: நோட்டீஸ்

பள்ளி உங்களை அறிந்த பிறகுதான் இது. அனுமதி கிடைத்ததும் சிறிய தாளில், பெரிய எழுத்தில், ஒரே வாத்தியத்தைப் பற்றி எழுதுங்கள். “இசை வகுப்புகள் நடைபெறும்” என்று பொதுவாகப் போட்டால் யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. இப்படிப் போடலாம்:

“உங்கள் பிள்ளை பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாரா? வாரம் ஒருமுறை 30 நிமிடத் தனி வகுப்பு. பள்ளியில் வாசிக்கும் பாடல்களையே எடுத்துப் பயிற்சி. முதல் வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.”

இதற்குக் கீழே பெயர், தகுதி ஒரு வரியில், வகுப்பு நடக்கும் பகுதி, ஒரே ஒரு போன் எண், ஒரு கியூஆர் கோடு. கோடு போய்ச் சேரும் பக்கத்தில் கட்டணமும் நேரமும் தெளிவாக இருக்கட்டும். கட்டணத்தை மறைத்தால் பாதிப் பெற்றோர் கேட்கக் கூச்சப்பட்டே விட்டுவிடுவார்கள். அந்தப் பள்ளிப் பெற்றோர் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் என்றால் அந்த மொழியிலும் ஒரு பக்கம் போடுங்கள்.

பள்ளியின் சின்னத்தையோ பெயரையோ அனுமதியில்லாமல் போடக் கூடாது. பள்ளியே உங்கள் வகுப்பை நடத்துவதுபோல் தோன்றும் எந்தச் சொல்லும் வேண்டாம். பிள்ளைகளின் படத்தைப் போடுவதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். அதைவிட, வாத்தியத்தின் படம் ஒன்றே போதும்.

படி 6: பெற்றோரைச் சந்திப்பது

பெற்றோர் ஆசிரியர் கூட்டம், வாத்தியம் தேர்ந்தெடுக்கும் நாள், கச்சேரி இடைவேளை. இவற்றில் வாத்தியம் தேர்ந்தெடுக்கும் நாள்தான் பொன்னானது. அன்று ஆசிரியருக்குக் கை போதாது. நீங்கள் போய் நின்று வயலின் அளவு பார்த்துக் கொடுத்தாலே பெரிய உதவி. சிறு பிள்ளைகளுக்கு 1/16, 1/10, 1/8, 1/4, 1/2, 3/4 என்று வயலின் அளவுகள் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. “வளர்ந்துவிடுவான், பெரியதாகவே வாங்கிவிடலாம்” என்பார்கள். பிள்ளை இடது கையை நீட்டி, வயலினின் சுருள் தலையை உள்ளங்கையில் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருந்தால் அளவு சரி. கை விறைத்து நின்றால் வயலின் பெரியது. இதைச் செய்து காட்டி, ஏன் வாடகைக்கு எடுப்பது நல்லது என்று இரண்டு வரியில் சொன்னால் பெற்றோர் உங்களை மறக்கமாட்டார்கள்.

அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். “தினமும் எவ்வளவு நேரம் சாதகம் செய்ய வேண்டும்?” என்றால், தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், ஆனால் நாள் தவறாமல். “கிரேடு தேர்வு எழுத வைப்பீர்களா?” என்றால், ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி போன்ற இசைத் தேர்வு அமைப்புகள் நடத்தும் தேர்வுகள் கிரேடு 8 வரை போகின்றன, பிள்ளைக்கு விருப்பமும் நேரமும் இருந்தால் எழுதலாம், கட்டாயமில்லை. “என் பிள்ளைக்குத் தனி வகுப்பு தேவையா?” என்று கேட்டால், தேவையில்லை என்று தோன்றினால் அப்படியே சொல்லுங்கள். பள்ளியில் ஒரு வருடம் வாசிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிய பெற்றோர் வேறு நாலு பேரை உங்களிடம் அனுப்புவார்.

படி 7: விசாரிப்பும் முதல் வகுப்பும்

விசாரித்தவருக்கு அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாளுக்குள் பதில் சொல்லிவிடுங்கள். பள்ளியில் வாசிக்கும் புத்தகத்தையும் வாத்தியத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெற்றோரும் உட்காரட்டும்.

முதலில் பிள்ளை தனக்குப் பிடித்ததை வாசிக்கட்டும். தப்பு இருந்தாலும் நிறுத்தாமல் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துச் சரிசெய்யுங்கள், அதுவும் வித்தியாசம் பிள்ளையின் காதுக்கே கேட்கிற ஒன்றை. பத்துக் குறை கண்ணில் பட்டாலும் மற்ற ஒன்பதைத் தள்ளி வையுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் பெற்றோரிடம் என்ன கேட்டீர்கள், அடுத்த சில மாதங்களில் எதை எடுத்துப் போவீர்கள், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கேயே முடிவு கேட்க வேண்டாம். விடுப்பு, கட்டணத் தேதி, வகுப்பை ரத்து செய்வது பற்றிய விதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

படி 8: சேர்ந்த பிறகு பள்ளியோடு உறவு

பள்ளிப் பாடல்களுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பாடத்திட்டம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், அடுத்த வாரம் பள்ளியில் பயந்துகொண்டே உட்காரும் பிள்ளைக்கு அது உதவாது. பள்ளிக் கச்சேரி நாளில் உங்கள் வகுப்பு நிகழ்ச்சியை வைக்காதீர்கள். பிள்ளையின் முன்னேற்றத்தைப் பற்றிப் பள்ளி ஆசிரியரிடம் பேசுவதற்கு முன் பெற்றோரின் சம்மதத்தைக் கேளுங்கள்.

மாணவரை அனுப்பிவைத்த ஆசிரியருக்குக் கமிஷனோ பரிசோ கொடுக்கவே கூடாது. அரசு ஊழியரை அது பெரிய சிக்கலில் மாட்டிவிடும், அவர் சிபாரிசின் மதிப்பும் போய்விடும். நன்றி சொல்ல விரும்பினால் ஒரு கடிதம் எழுதுங்கள்.

அதைவிட நல்லது, கட்டணமில்லாத இடம் ஒன்றோ இரண்டோ ஒதுக்குவது. யாருக்குத் திறமையும் ஆசையும் இருந்து வசதி மட்டும் இல்லை என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும், தேர்வை அவரிடமே விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்குத் தரும் அதே நேரம், அதே கண்டிப்பு. அது இலவச இடம் என்பது உங்களுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். விளம்பரத்தில் அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 9: காலமும் கணக்கும்

கல்வியாண்டில் இரண்டு காலகட்டங்கள் உங்களுக்கு முக்கியமானவை. வாத்தியம் கையில் வந்து சில வாரங்கள் கழிந்து, முதல் உற்சாகம் வடிந்து முதல் சிக்கல் தலைகாட்டும் நேரம் ஒன்று. கச்சேரி முடிந்த கையோடு வரும் வாரங்கள் இன்னொன்று. நீண்ட விடுமுறைக்கு முன்னால், கற்றது மறந்துபோகாமல் இருக்கச் சில வகுப்புகள் என்று ஒரு சிறு அறிவிப்பும் கொடுக்கலாம். தேர்வுக் காலத்தில் பேசாமல் இருங்கள்.

புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் “எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டீஸா, ஆசிரியர் சொன்னதா, கச்சேரியில் பார்த்ததா, பிரிவுப் பயிற்சிக்கு வந்த பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னதா? ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எதைத் தொடர்வது, எதை விடுவது என்பது தெரியும். எந்தப் பள்ளியிலும் ஒரே பருவத்தில் முடிவு கட்டிவிடாதீர்கள், குறைந்தது ஒரு முழுக் கல்வியாண்டு கொடுங்கள். இசை ஆசிரியர் மாறிப்போனால் மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

உங்கள் நேரம் நிறைந்துவிட்டால் அதையும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டு, காத்திருக்க முடியாதவர்களுக்கு அதே வாத்தியம் சொல்லித் தரும் நம்பகமான வேறொருவரின் பெயரை, அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிரிவுப் பயிற்சிக்குப் போவதை மட்டும், இடம் நிறைந்த பிறகும் நிறுத்த வேண்டாம்.